பிர்தெ டீச்சரின் பன்னிரண்டு படிகள்

சூடான பிளாஸ்டிக்கின் மணத்தோடுதான் டேனிஷ் மொழி எனக்குள் வந்தது. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில், பிர்தெ டீச்சர் படங்களுக்கு இயந்திரத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு, சூடு ஆறுமுன்னே என் கையில் தருவார். அப்போது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவோடு அப்பாவிடம் வந்து சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த அறையில் மாணவி நான் ஒருத்திதான்.

டீச்சர் எதையும் ஒழுங்கோடு செய்பவர். முதலில் எனக்கு என்ன தெரியும் என்று சோதித்தார். பிறகு பள்ளியில் எனக்கு என்னென்ன தேவைப்படும் என்று பட்டியல் எழுதி, அதைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு குறிக்கோள், பயிற்சி, முடிவில் சோதனை. சித்தியடையாமல் அடுத்ததற்குப் போக முடியாது. நேரம் சொல்வது, வழி கேட்பது, எங்கே நோகிறது என்று சொல்வது என்று அது நீண்டது. நான் தடுமாறினால் பிழையைத் தன் பாடத்தில் தேடி, மறுநாள் திருத்திய தாளோடு வருவார். அப்பா அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "இப்பிடி ஒருத்தர் எனக்குப் படிப்பிச்சிருந்தா நானும் கதைச்சிருப்பன்" என்பார். குளிர்காலம் முடியுமுன் பன்னிரண்டிலும் சித்தியடைந்து வழமையான வகுப்புக்குப் போனேன்.

முதல் நாள், "ஃப்ரிக்வார்டர்" என்று அவர்கள் சொல்லும் இடைவேளையில், கயிற்றைச் சுழற்றித் தாண்டிக் கயிறடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் போய், நானும் சேர்ந்துகொள்ளலாமா என்று இலக்கணம் பிசகாமல் கேட்டேன். ஒருத்தி அந்த வட்டாரத்து மேற்கு யூட்லாந்துப் பேச்சில் சடசடவென்று ஏதோ சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள். கேலி செய்தாளா, வா என்றாளா, இன்றுவரை தெரியாது. நான் சுவரோரமாகப் போய் நின்றேன். மறுநாளும் அங்கேதான் நின்றேன். யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை; யாரும் என்னிடம் வரவும் இல்லை.

மூன்றாம் வாரம் அலுவலகத்துக்குப் போய், வயிறு நோகிறது என்றேன். அங்கிருந்த பெண் என்னைக் கதிரையில் இருத்தி, எங்கே நோகிறது, எப்போதிலிருந்து, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒன்பதாம் படியில் இருந்த அதே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் எனக்கு வயிறு நொந்தது.

பள்ளியிலிருந்து அழைப்புப் போக, அப்பா தொழிற்சாலை உடுப்போடேயே வந்தார். என்னைக் காரில் ஏற்றியவர், அதைக் கிளப்பாமல் கேட்டார்.

"உண்மையா நோகுதோ, பிள்ளை?"

"இல்லையப்பா. அந்த ஒஃபிசில மட்டும்தான் நான் படிச்ச மாதிரிக் கேக்கினம்."

அப்பா கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டார். தொழிற்சாலையில் தானும் காலை வணக்கத்துக்கு மேல் யாரோடும் கதைப்பதில்லை என்றார். பிறகு இறங்கிப் போய், தனக்குத் தெரிந்த டேனிஷில் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டு, என் சோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. "நீ என்ன சொல்லவேண்டும் என்று யோசித்தேன். யாரிடம் சொல்வாய் என்று யோசிக்கவில்லை" என்றார்.

அடுத்த இலையுதிர்காலத்தில் வேறொரு நாட்டுச் சிறுமி வந்தபோது, அவளுடைய பாடம் விளையாட்டுத் திடலில், இரண்டு டேனிஷ் பிள்ளைகளோடு தொடங்கியது. ஒரு மாதத்தில் அவள் கயிறடித்தாள். தன் பிழையைக் கண்டு திருத்திக்கொள்வதுதான் அந்த முறையின் பலம். ஆனால் திருத்தம் எனக்கு அடுத்தவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தோழி என்று சொல்ல அந்தப் பள்ளியில் எனக்குக் கடைசிவரை ஒருத்தி அமையவில்லை.

இன்று பக்கத்து நகரமான ஹேர்னிங்கில், முதியோர் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கான பயிற்சியை வடிவமைப்பது என் வேலை. தேவை, குறிக்கோள், பாடம், சோதனை, திருத்தம், அதே ஒழுங்குதான். அது இல்லாமல் ஒரு முதியவரைக் கட்டிலிலிருந்து பத்திரமாகத் தூக்கப் பழக்க முடியாது. நூலகத்துக்குப் பின்னாலிருந்த அறையை இடித்துவிட்டார்கள். டீச்சரும் இல்லை, அப்பாவும் இல்லை.

பயிற்சியின் கடைசி நாள், எல்லோரும் சித்தியடைந்த பிறகு, மதிப்பீட்டுப் படிவத்தில் இல்லாத ஒன்றை ஒவ்வொருவரிடமும் கேட்பேன்: இந்தக் கிழமை முழுக்க மதியம் யாரோடு இருந்து சாப்பிட்டீர்கள்? சிலர் பெயர் சொல்வார்கள். சிலர் குனிந்து பையை எடுப்பார்கள். அதைப் படிவத்தில் சேர்க்கும்படி மேலதிகாரி பலமுறை சொல்லிவிட்டார். நான் சேர்க்கவில்லை; சேர்த்தால் அதற்கும் புள்ளி போடவேண்டி வரும்.