மஞ்சள் கதிரையில் என் மகள்

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்து ஒரு சின்ன ஊருக்கு றக்பி பார்க்கப் போனேன். விளையாட்டில் ஆசை வந்தல்ல, உளவு பார்க்கத்தான். தாதியாவதற்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்ய அங்கே போன என் மகள் ஆரணி, நாலே மாதத்தில் அந்த ஊர்க் கழகத்தில் சேர்ந்துவிட்டாள். சப்பாத்து இலவசமாம். பயிற்சி முடிய வாசல்வரை காரில் கொண்டுவந்து விடுகிறார்களாம். சும்மா யார் இப்படிச் செய்வார்கள்? பிடிக்காதது ஏதும் கண்ணில் பட்டால் அன்றோடு நிறுத்திவிடுவது என்ற முடிவோடுதான் புறப்பட்டேன்.

காலை 8.12 ரயில். ஓரிடத்தில் மாறி, மொத்தம் ஒரு மணி இருபத்துநாலு நிமிடம். பிறகு இருபது நிமிடம் பேருந்து, 1.8 கிலோமீற்றர் நடை. ஞாயிறில் பேருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றுதான், கவனம்.

பேருந்துச் சாரதியின் வாயை மெல்லக் கிளறினேன். “கழகம் இங்கே முகாமிட்டிருந்த பிரித்தானியச் சிப்பாய்கள் தொடங்கியது. அவர்கள் போய்விட்டார்கள், ஊர்க்காரர் விடவில்லை. தோற்பார்கள், பிறகு சேர்ந்து சாப்பிடுவார்கள்,” என்றார். தோற்பதற்கு ஒரு கழகமா? அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கழகம் என்பது சிப்பாய்கள் விட்டுப்போன ஒரு கொட்டகை. சுவர் முழுக்கப் படங்கள். கோப்பி 1.50 யூரோ, நல்ல கோப்பி. குற்றம் கண்டுபிடிக்க முடியாதது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

பெண்கள் ஆட்டத்தில் பக்கத்துக்கு ஏழு பேர். எங்கள் பக்கம் ஆறு பேர்தான் இறங்கினார்கள். ஏழாவது ஆளான என் பிள்ளை, அணியின் வாங்கிலிருந்து தள்ளி, ஒரு மஞ்சள் கதிரையில் தனியே இருந்தாள். ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, இவள் வேண்டாமாம்! ஒருவரைத் தனியே இருத்தி வைப்பதன் அர்த்தத்தை, சாதி பார்த்து ஆளைப் பிரித்து இருத்தும் ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவளிடம் போனேன்.

“ஏன் பிள்ளை நீ விளையாடேல்லை?”

“இண்டைக்கு ஏலாதப்பா. சும்மா இருங்கோ.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்வி. நேரே பயிற்சியாளர் கார்லாவிடம் போனேன். வீடுவீடாகத் தபால் போடுகிற பெண், நாற்பது வயதிருக்கும். “என் மகளை ஏன் ஒதுக்கி வைத்தீர்கள்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ஆரணியைப் பார்த்தார். “அப்பாவிடம் நீ சொல்லவேயில்லையா?”

கார்லாதான் சொன்னார்: ஆரணி ஒன்பது நாளுக்கு முன் பயிற்சியில் விழுந்து தலை அடிபட்டு, வாந்தியும் எடுத்திருக்கிறாள். வைத்தியரிடம் கொண்டுபோய், இரண்டு நாள் தன் வீட்டில் வைத்துப் பார்த்தது கார்லா. பிறகு கொட்டகைக்குள் கூட்டிப்போய், சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். முன்பு கழகத்தில் ஆடிய ஒரு வெதுப்பகக்காரர். தலையில் அடிபட்டும் “ஒன்றுமில்லை” என்று திரும்ப இறங்கியவர். பிறகு மனைவியின் பெயர்கூட அவருக்கு நினைவில் நிற்கவில்லை. அந்த மஞ்சள் கதிரை அவருடைய கடையிலிருந்து வந்தது. தலை அடிபட்டவர், வைத்தியர் விடும்வரை எல்லாரும் பார்க்க அதில்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கள்ளமாக இறங்கிவிடுவார்களாம்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்பவன் நான். விழுந்தவரை எப்படிக் கவனிப்பது என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவன். என் பிள்ளை விழுந்தது எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நிப்பாட்டிப்போடுவியள். உங்களுக்கு எதைச் சொன்னாலும் முதல் விசாரணைதானே.”

போக நினைப்பவர்களுக்கு: மழைச்சப்பாத்து கட்டாயம், புல் சேறாகக் கிடக்கும். ஆட்டம் முடிய எல்லா அணிக்கும் ஒரே மேசையில் உருளைக்கிழங்குச் சாலட். பார்வையாளரையும் விடமாட்டார்கள், வெறும் வயிற்றோடு போங்கள். திரும்பும் பேருந்து 16.05. பிள்ளை அங்கே விளையாடினால், கழகத்தை விசாரிக்க முன் பிள்ளையோடு பேசுங்கள்.

தரிப்பிடம்வரை ஆரணி கூட வந்தாள். “இனி விளையாட விடுவியளோ?”

“டொக்டர் விட்டா விளையாடு. ஆனா விழுந்தா முதல் போன் எனக்கு.”

“ஏசமாட்டியளே?”

“மாட்டன்.”

நம்பலாமோ என்று அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். காலையிலிருந்து நான் அந்த ஊரைப் பார்த்ததும் அப்படித்தான்.