கீழே வைத்த பாட்டில்

லட்சுமணசாமிக்குச் சென்னியம்மாள் மேல் ஒரு மனத்தாங்கல் வருடக்கணக்கில் இருந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அவளோ பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வாள். அவர்தான் குனிந்து எடுக்க வேண்டும். முட்டிவலிக்காரரைக் குனிய வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஆர்.எஸ்.புரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் ஆயா. பிறந்த குழந்தையிடமிருந்து அறுத்தெடுத்த தொப்புள்கொடியைப் பாட்டிலில் போட்டுத் தருவாள். கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்த லட்சுமணசாமி அதை ஐஸ் பெட்டியில் வைத்து மொபெட்டில் கொண்டுபோவார்.

"உப்பா, மொளகாயா? கையில குடுத்தா என்னம்மிணி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அதுல இன்னும் உசுரு இருக்குதுங்க. உசுரு இருக்கறதைக் கைக்குக் கை மாத்துனா வாங்கறவங்களத் தொத்திக்கும்."

"தொத்துனாத் தொத்திட்டுப் போகுது. சம்பளத்துல பங்கா கேக்கப்போகுது?"

அவள் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதில் பாதி உண்மை. கொடிக்குள் ஓடும் ரத்தக்குழாயின் உள்தோலைக் கழுவி எடுத்து, ரோஸ் நிறத் தண்ணீரில் விட்டு, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்தால், அது பிழைத்துப் பெருகும். ஆராய்ச்சியை நடத்தும் ராமாமணி மேடம் மைக்ராஸ்கோப்பில் காட்டியபோது, செல்கள் சோளக்கதிரில் மணி பிடித்தாற்போல் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொரு கொடியிலிருந்தும் இரண்டு புட்டி செய்வார்கள். ஒன்றில் காங்கேயத்துக் காட்டு ஆவாரம்பூவிலிருந்து பிரித்தெடுத்த சத்தைக் கலப்பார்கள். மற்றதில் ஒன்றும் கலக்கமாட்டார்கள். பிறகு இரண்டிலும் விஷத்தை விடுவார்கள். பூச்சத்து காப்பாற்றுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. "புட்டிக்குள்ள காப்பாத்துனாலும் மனுச உடம்புல என்ன செய்யும்னு தெரியாதுங்க" என்பார் மேடம்.

அந்த ஆவணி மாதத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் சென்னியம்மாளைக் காணோம். நிறைமாதக்காரி, லீவு போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நர்ஸ்தான் பாட்டிலைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். மவராசி, இன்றைக்காவது குனிய வைக்கவில்லையே என்று சந்தோஷமாகப் பெட்டியை மூடினார். அப்புறம்தான் நர்ஸ் சொன்னாள்: அது சென்னியம்மாள் பெற்ற குழந்தையின் கொடி. வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. ஆபரேஷன் மயக்கம் தெளிவதற்குள் குழந்தை போய்விட்டது. அவள் புருஷன் வீட்டார் காங்கேயத்துக்கு எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டார்கள்.

வழியெல்லாம் அவர் கையில் சூடு இருந்தது. ஐஸ் பெட்டியைத் தொட்ட கையில் எப்படிச் சூடு இருக்கும்?

வேலைக்குத் திரும்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எம் பிள்ளையோடது பொழைச்சுதுங்களா?"

"பொழைச்சுதம்மிணி. பெருகிட்டு இருக்குது."

"தெரியும். பால் நிக்கவே இல்லீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். அன்று ஆராய்ச்சிக்கூடத்துச் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது அடித்த இளஞ்சூட்டுக் காற்று, முகத்துக்கு நேராக யாரோ மூச்சு விட்டதுபோல் இருந்தது.

அந்தப் பிள்ளையின் புட்டிகளுக்கும் விஷம் விடுகிற முறை வந்தது. இதை மட்டும் விட்டுவிடலாமே என்று மேடத்திடம் கேட்க நினைத்தார். என்னவென்று சொல்லிக் கேட்பது? சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்தில் மேடம் விஷத்தை விட்டார். சாயங்காலத்துக்குள், ஒன்றும் கலக்காத புட்டியில் இருந்தவை சுருங்கி, உருண்டு, ஒட்டுவிட்டு மிதந்தன. பூச்சத்துப் புட்டியில் இருந்தவை அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தன.

மறுநாள் காலை சென்னியம்மாள் ஆஸ்பத்திரி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, நேத்துச் சோத்து நேரத்துக்கு ஒண்ணப் போக்கிப்போட்டீங்களா?"

"யாரு சொன்னது?"

"ஒரு பக்கம் பால் நின்னுபோச்சுங்க. இன்னொரு பக்கம் வருது."

அன்றைய பாட்டில்கூட அவள் மடியிலேயே இருந்தது. கீழே வைக்க மறந்திருந்தாள். அவரும் கை நீட்டவில்லை.

பூச்சத்துப் புட்டியை மேடம் தொடர்ந்து வளர்த்தார். ஆனால் அதுவும் என்றைக்கும் பெருகிக்கொண்டே இருக்காது, கொஞ்ச நாளில் சோர்ந்து நின்றுவிடும் என்றார். அதைச் சென்னியம்மாளிடம் சொல்ல வேண்டிய வேலை லட்சுமணசாமிக்கு வந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"எல்லாருத்து பிள்ளையும் எங் கையிலதானுங்க பொறந்துது. என்றத மட்டும் எங் கையில ஒருத்தரும் குடுக்கல. மூஞ்சியக்கூடப் பாக்கல."

"நான் என்ன பண்ணோணும், சொல்லு கண்ணு."

"இந்தப் பக்கமும் பால் நிக்கிற அன்னிக்கு நானே அங்க வாரேன். அந்தப் புட்டியக் கொட்டிப்போடாதீங்க. கீழயும் வெக்காதீங்க. எங் கையில குடுத்துப்போடுங்க."