பைப்படியில் ஒரு பால்மாப் பேணி

தண்ணீர் வருவதற்கு முன் அந்தப் பைப் இருமும். வயிற்றுக்குள் காற்றை அடக்கிக்கொண்டு மூன்று நான்கு தரம் கடகடவென்று இருமி, துருநிறத்தில் ஒரு வாய் துப்பி, அதற்குப் பிறகுதான் நூல்மாதிரி தண்ணீர் விடும். இன்றைக்கும் எங்காவது ஒரு பைப் காற்றுத் துப்பினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழும்பப் பார்க்கிறேன்.

அந்தப் பைப் இருந்தது திருகோணமலைப் பட்டினத்தின் ஒதுக்குப்புறத்தில், பாலையூற்றுக்கு அங்கால், கண்டி வீதியை விட்டு உள்ளே போகிற ஒரு மணல் ஒழுங்கையில். பதினான்கு வீடுகள். ஆண்களில் முக்கால்வாசிப் பேர் துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிறவர்கள். உடைந்த பெட்டிப் பலகையை அடித்துத்தான் வீடுகளுக்கு உள்சுவர் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் வீடு முழுக்கத் தேயிலை மணக்கும். பட்டினத்துக்குப் போகிறாய் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். வந்து பார்த்தால் அது பட்டினமும் இல்லை, ஊரும் இல்லை.

நான் ஈச்சிலம்பற்றில் இருந்து வந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒரு பெட்டைக்கு அது போதும் என்று அப்பா சொன்னார். போதாது என்று அம்மா அவரோடு சண்டை பிடித்து, என்னை மூதூரில் லோஞ்சிப் படகில் ஏற்றித் தன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்பிப் போனால் வயல் களையும் நான்கு தம்பிமாரும்தான் எனக்குப் படிப்பு. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

மாமி என்னைக் கண்டதும் சிரிக்கவில்லை. "பிள்ளைக்குச் சோறு போடலாம். தண்ணிக்கு எங்க போறது?" என்று மாமாவைக் கேட்டார். மாமி கெட்டவர் இல்லை, உண்மையைத்தான் சொன்னார். ஒழுங்கைக் கிணறுகள் எல்லாம் உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது. நல்ல தண்ணீர் பின்னேரம் மூன்று மணிக்கு வரும், நாலு மணிக்கு நிற்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு வாளி. மாமி வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர். "ஒரு கிழமை பார்ப்பம்" என்றார் மாமா.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் குசினிக்குள் சமையலோடு இருந்த நேரம், நான் பைப்படிக்குப் போனேன். அது கிடந்த கிடையைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அடி கழன்ற வாளி, மூடி இல்லாத கறுத்தக் கேத்தல், பாதி ஓடு, காதறுந்த தாச்சிச் சட்டி, உள்ளே கல் வைத்த ஒற்றைச் செருப்பு என்று இல்லாத குப்பை இல்லை. எங்கள் ஊரில் கிணற்றடியை இப்படிப் போட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசுவார்கள். நான் ஒரு விளக்குமாற்றை எடுத்துவந்து, அவ்வளவையும் பொறுக்கிக் குப்பைக் கிடங்குக்குள் எறிந்தேன். மண்ணில் கோடு தெரியக் கூட்டினேன். மாமி பார்த்தால் என்னை வைத்துக்கொள்ளுவார் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குப் பைப் இருமியது. பெண்கள் வாளிகளோடு வந்து, சுத்தமான மண்ணைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"எங்கயடி என்ட வாளி?"

"என்ட ஓடு எங்க? நான் ரெண்டாவது!"

"நீ ரெண்டாவதோ? காலமை ஆறு மணிக்கு வச்சனான் நான்!"

அந்தக் குப்பைதான் வரிசை. காலையில் ஆளுக்கொரு உடைந்த சாமானை வைத்துவிட்டுப் போனால், பின்னேரம் அந்த இடம் அவர்களுடையது. நேற்று வந்த எனக்கு அது எப்படித் தெரியும்? ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை யார் சொல்லுவார்கள்! சண்டை பிடித்துத் தள்ளுப்பட்டதில் ஒரு மண்குடமும் உடைந்தது. அரை மணித்தியாலம் தண்ணீர் சும்மா மண்ணில் ஓடியது. ஐந்து வீட்டுக்கு ஒரு சொட்டும் இல்லை. மாமி வீடும் அதில் ஒன்று.

"ஆர் செய்தது?" என்று கேட்டார் ராத்தா. அவர் கிண்ணியாவில் இருந்து வந்து எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர். தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடு இல்லாமல் ஒழுங்கை முழுக்க அவரை ராத்தா என்றுதான் கூப்பிடும்; எல்லாருக்கும் அவர் அக்கா. அவருடைய தொண்டைக்கு முன்னால் லோஞ்சிச் சத்தம் தோற்றுப்போகும்.

"நான்தான். குப்பை கிடந்தது, கூட்டினனான்" என்றேன்.

"குப்பையா?" என்று இன்னொரு பெண் நெஞ்சில் அடித்தாள். "அந்த ஒத்தைச் செருப்பு நானடி!"

யாரோ சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை. "எங்க இரிந்துதான் இந்தக் காட்டுப்பூனையப் புடிச்சு வந்தீங்க?" என்று மாமியைக் கேட்டார். மாமி வெட்கத்தில் வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி குடித்தோம். "சனிக்கிழமை லோஞ்சியில கொண்டுபோய் விடுறன்" என்று மாமா சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் அழவில்லை. எனக்கு என்மேல்தான் ஆத்திரம். விடிந்ததும் முதல் வேலையாகக் கிடங்குக்குள் இறங்கி எல்லாவற்றையும் பொறுக்கினேன். பைப்பில் இருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தவள் நான்; எதற்குப் பிறகு எது என்று கைக்கே தெரிந்திருந்தது. முதலில் வாளி, இரண்டாவது ஓடு, நாலாவது ராத்தாவின் கேத்தல், ஆறாவது செருப்பு. காதறுந்த தாச்சி மாமியுடையது. அது முந்தின நாள் கடைசியில் கிடந்தது, கடைசியிலேயே வைத்தேன்.

சாமான் தேடி வந்த பெண்கள் வரிசையைக் கண்டு ஆளையாள் பார்த்தார்கள். ராத்தா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"உன்ட மாமிர தாச்சிய ஏன் கடைசியில வச்ச? முன்னுக்கு வச்சா ஆருக்குப் புள்ள தெரியும்?"

"நேற்று அங்கதான் கிடந்தது."

ராத்தா வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் பால்மா வந்த ஒடுங்கின தகரப் பேணி ஒன்று இருந்தது. அதைத் தாச்சிக்குப் பின்னால் வைத்தார்.

"இது இந்தப் புள்ளக்கி. எல்லாருக்கும் பொறகு, ஒரு வாளி."

"அதென்ன ராத்தா புதுச் சட்டம்? வீட்டுக்கு ரெண்டு வாளி எண்டுதானே கதை?" என்றாள் செருப்புக்காரி.

"உன்ட வீட்டில மூணு கொமருப் புள்ளைகள் இரிக்காங்களே, ஒருத்தி இந்த இடத்த ஒருக்காக் கூட்டியிரிப்பாளா? வாய மூடு." பிறகு எங்கள் வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார். "தங்கச்சி! இவளுக்குத் தண்ணிக்கி இடம் வச்சாச்சி. லோஞ்சிக் கதைய விடச் சொல்லு உன்ட மனிசன!"

மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மண்ணோட நிக்கிறாய், வந்து கால் கழுவு" என்றார். சனிக்கிழமை லோஞ்சி நான் இல்லாமல் போனது. அடுத்த கிழமை மாமா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

ஆறு வருடம் அந்த ஒழுங்கையில் இருந்தேன். மற்றச் சாமான்கள் தினமும் இடம் மாறின; என் பேணி மட்டும் எப்போதும் பதினைந்தாவது. சில நாள் என் முறை வரும்போது பைப் நின்றுவிடும். அப்போதெல்லாம் ராத்தா தன் வாளியில் பாதியை என் வாளிக்குள் சரித்துவிட்டு, நான் ஏதோ திருடிவிட்டதுபோல ஏசிக்கொண்டு போவார். நன்றி சொல்ல விடவே மாட்டார். நான் தாதியாகி ஆஸ்பத்திரியில் முதல் வேலைக்குப் போவதற்குள் அவர் கிண்ணியாவுக்குத் திரும்பிப் போய் மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். அது குடிக்கத் தண்ணீர் இல்லாத காலம். இப்போது வீட்டுக்கு வீடு பைப் இருக்கிறது, நல்லது. எண்பதுகளில் யுத்தம் வந்து அந்த ஒழுங்கைச் சனம் திக்குத் திக்காகப் போனது. தேயிலை மணக்கிற பலகையும் இல்லை, எனக்குத் தெரிந்த ஒரு முகமும் இல்லை. போன வருடம் போய்ப் பார்த்தபோது, பைப் நின்ற சீமெந்துக் கட்டு மட்டும் கிடந்தது. அதோடு ஒரு மோட்டார் சைக்கிளைச் சாய்த்திருந்தார்கள்.

நான் அங்கே நிற்பதைப் பார்த்து ஒரு பிள்ளை கேற்றைத் திறந்தாள். "ஆரைத் தேடுறீங்கள் அம்மா?"

"ஒருத்தரையும் இல்லை. முந்தி இங்க இருந்தனான்."

"எந்த வீடு?"

வீடு அடையாளம் தெரியவில்லை. சீமெந்துக் கட்டில் இருந்து கண்ணாலேயே பழைய வரிசையை எண்ணிக்கொண்டு போய், அவளுடைய மதிலடியில் ஓர் இடத்தைக் காட்டினேன்.

"இதில. பதினஞ்சாவது."