பாவு காயும் வரை

நெசவாளி ஆவுடையப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தெருக்காரர்கள் தறியில் ஏற்றும் பாவு நூலை நீளக் கட்டிக் கஞ்சி போடும் வேப்பந்தோப்பில் நகராட்சி கடைகள் கட்டப்போகிறது என்றதும், சண்டைக்குப் போகாமல் தோப்பைக் காக்கச் சொல்லி மனுக் கொடுத்தார். 1987 சித்திரையில் நகராட்சித் தலைவர் இடம் பார்க்க வந்தபோது, மரத்துக்கு மரம் அவர் கட்டியிருந்த பாவு வழியை மறித்தது.

"பாவை எடும்வே, அளக்கணும்" என்றார் தலைவர்.

"கஞ்சி காயாம எடுத்தா நூலெல்லாம் ஒட்டிக்கிடும் அண்ணாச்சி. நெழல்ல இருங்க."

வெயிலில் வந்த தலைவர் வேம்படியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். பாவு காய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"இங்கன கடையைக் கட்டிட்டு நாம எங்கன உக்கார?" என்றார்.

அடுத்த நகராட்சிக் கூட்டத்தில் தோப்பு தப்பியது. 'பொதுத்தோப்பு' என்று நகராட்சி பலகை நட்டது. மறுநாள் காலையில் ஆவுடையப்பன் பாவின் ஒரு முனையை அந்தப் பலகையின் காலில்தான் கட்டினார்.