சகலைகளின் தேடல் பெட்டி

நேற்று சாயங்காலம் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. ஜென்மப் பகையாக இருந்த இரண்டு பெரிய இன்டர்நெட் தேடல் கம்பெனிகள் கைகோத்துக்கொண்டனவாம். இனிமேல் ஒருத்தருடைய தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் இன்னொருத்தருடைய பதில் வரும். விளம்பரத்தில் வருவதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். கூடவே ஒரு படம். இரண்டு கோட்டுக்காரர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உனக்கும் அந்தக் கோட்டுக்காரர்களுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறாமைக்காரி. பக்கத்து வீட்டுத் துணி என் துணிக்கு முன்னால் காய்ந்துவிட்டால்கூட எனக்குப் பொறுக்காது. என் வீட்டுக்காரர் இதற்காகவே மாடியில் எனக்குத் தனிக் கொடி கட்டிக் கொடுத்திருக்கிறார். அது பக்கத்து வீட்டுக் கொடியைவிடக் கொஞ்சம் குட்டை என்பது வேறு விஷயம்.

செய்தியைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தர் என் கால் பக்கத்தில் உர மூட்டை ஒன்றை இறக்கி வைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் நினைப்பில் என் முதல் வேலைக்குப் போய்விட்டேன். செங்கல்பட்டில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். அதுவும் தேடல் கம்பெனிதான். சிரிக்காதீர்கள். உலகத்துக்கே ஒரு பெட்டி போதும் என்று ஆவதற்கு முந்தைய காலம் அது. தமிழில் தட்டினால் நம் ஊர்ப் பக்கத்து விஷயங்கள் கிடைக்கிற மாதிரி ஒரு பெட்டியை நாமே செய்துவிடலாம் என்று சிலர் நம்பினார்கள். வாடகை வீடு, கல்யாண மண்டபம், மதுராந்தகத்து நெல் விலை, எதைத் தட்டினாலும் மெஷின் ஒரு வரிசை கொடுக்கும். அது கண்டதையும் தூக்கி மேலே வைக்கும். எது முதலில் வரவேண்டும், எது அடுத்தது என்று உட்கார்ந்து திருத்துவது எங்களைப் போன்ற பெண்களின் வேலை. உர வாடையும் பூச்சிமருந்து வாடையும் படியேறி வந்து எங்கள் துப்பட்டாவில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டெல்லா மேல் மட்டும் ஏசி வாடை அடிக்கும். ஏசிக்கு ஏது வாடை என்று கேட்காதீர்கள், உரக்கடை மாடியில் வேலை பார்த்தவளுக்குத்தான் அது தெரியும். ஸ்டெல்லா எங்கள் தெருக்காரி, திருக்கழுக்குன்றத்தில். காலையில் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக நிற்போம். எனக்கு செங்கல்பட்டு பஸ், அவளுக்கு மாமல்லபுரம் பஸ். அவளுக்கும் இதே வேலைதான், ஆனால் எங்களுக்கு எதிரிக் கம்பெனியில். கண்ணாடிக் கதவு, கழுத்தில் நாடா போட்ட அட்டை, ஜன்னலைத் திறந்தால் கடல். எங்கம்மா ஒரு நாள்கூட விடமாட்டாள். "அந்தப் பொண்ணப் பாரு, ஜில்லுனு குந்திகினு வேல பாக்குது. நீ உரக்கடைல போய் மருந்து வாசன புடிச்சிகினு வர்ற." எனக்குக் காதில் புகை வரும்.

இதில் இன்னொரு கூத்து, இரண்டு கம்பெனி முதலாளிகளும் சகலைகள். அக்காவை ஒருத்தரும் தங்கையை ஒருத்தரும் கட்டியவர்கள். ஒருத்தர் கார் வாங்கினால் அடுத்தவர் அதைவிட நீளமாக ஒரு கார் வாங்குவார். எங்கள் முதலாளி தேடல் பெட்டி ஆரம்பித்ததும் தங்கையைக் கட்டிய சின்னவரும் மாமல்லபுரத்தில் ஒன்று ஆரம்பித்தார். ஆபீசுக்கு வந்ததும் எங்கள் முதலாளி சொல்லும் முதல் வார்த்தை, "இன்னிக்கு அவன் பெட்டில இன்னா மேல வந்துகீது பாரு. நம்மளுது அத்தவிட நல்லா வரணும்." காபிக்கு முன்னால் எங்களுக்கு அதுதான் சடங்கு. எதிரியின் பெட்டியில் தட்டிப் பார்ப்போம், எரிவோம், எங்களுடையதைத் திருத்துவோம். மாமல்லபுரத்திலும் இதே சடங்குதான் நடந்தது. நாங்கள் அவர்களைப் பார்த்து மாற்ற, அவர்கள் எங்களைப் பார்த்து மாற்ற, கொஞ்ச நாளில் இரண்டு பெட்டிக்கும் பெயரையும் ஒன்றிரண்டு வரிசையையும் தவிர பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. அது எங்களுக்குத் தெரியவில்லை. அவர்களுடையது பளபளவென்று இருப்பதாகவும் எங்களுடையது அழுது வடிவதாகவும்தான் எனக்குத் தோன்றும்.

அப்புறம் பெரிய கம்பெனிகள் தமிழுக்கு வர ஆரம்பித்தன. சகலைகள் இரண்டு பேருக்கும் வருமானம் படுத்துவிட்டது. ஒரு காதுகுத்து விசேஷத்தில் மாமனார் இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, "தனித்தனியா நாசமாப் போறதுக்கு ஒண்ணா இருந்து பொழைங்களேன்" என்று சொல்லிவிட்டார். பெண்டாட்டிகள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று முறைத்ததால் ஒப்பந்தம் முடிவானது. பெட்டி இரண்டும் அப்படியே இருக்கும். உள்ளே வருகிற பதில் மட்டும் ஒரே இடத்திலிருந்து. எந்த இடம் என்பதில்தான் சிக்கல். யாருடைய வரிசை நிற்கிறதோ அவர்களுக்கு நாற்காலி, மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, ஸ்டெல்லா நாடாவை ஆட்டிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்க்கவேண்டுமே, அதை நினைத்து ராத்திரி சோறு இறங்கவில்லை.

யாருடைய வரிசை நல்லது என்று பார்க்கும் பரீட்சை மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் ஹாலில் நடந்தது. வெளியே சிற்பக் கூடத்தில் கல் அறுக்கும் மெஷின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கள் இஞ்சினியர் ஒரு தந்திரம் செய்திருந்தார். திரையில் ஒரு சொல் வரும். கீழே இடது பக்கம் ஒரு வரிசை, வலது பக்கம் ஒரு வரிசை. யாருடையது எது என்று பெயர் இருக்காது, இடம் மாறி மாறி வரும். இரண்டு கம்பெனிப் பெண்களும் உட்கார்ந்து நல்லதற்கு ஓட்டுக் குத்தவேண்டும். ஹாலுக்குள் போகும்முன் எங்கள் முதலாளி வாசலில் நிறுத்தி, "நம்மளுது எதுன்னு கண்டுபுடிச்சிக் குத்துங்க, இன்னா?" என்றார். சின்னவரும் அந்தப் பக்கம் இதையேதான் ஓதிக்கொண்டிருந்தார்.

கண்டுபிடிப்பது எப்படி? தினமும் கட்டுக்கட்டாக வரிசை போடுகிறவளுக்கு எப்போதோ போட்டது எங்கே ஞாபகம் இருக்கும்? ஆனால் என்னிடம் ஒரு வழி இருந்தது. எதைப் பார்த்தால் வயிறு எரிகிறதோ அது அவர்களுடையது. இத்தனை நாள் பழக்கம், தப்பவே தப்பாது. எரிந்தால் அதை விட்டு மற்றதைக் குத்தினேன். 'முட்டுக்காடு படகு' என்று ஒன்று வந்தது. வலது பக்கம் ரிசார்ட், ரிசார்ட், ரிசார்ட். இடது பக்கம் முதலில் காற்று அதிகமானால் படகு விடுவார்களா என்று சொல்லும் பக்கம். அடுத்தது எந்த ஸ்டாப்பில் இறங்கினால் வெயிலில் நடக்கவேண்டாம் என்பது. அப்புறம் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிற ஒருத்தியை மனசில் வைத்து எவளோ போட்டிருக்கிறாள். அடிப்பாவி ஸ்டெல்லா, உனக்கா இது தோன்றியது என்று எனக்கு அடிவயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. வலதைக் குத்தினேன்.

வடையும் டீயும் வந்தபோது இஞ்சினியர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார். "சார், செங்கல்பட்டு ஆளுங்க முக்காவாசி மாமல்லபுரத்துக்குக் குத்திகீறாங்க. மாமல்லபுரம் ஆளுங்க செங்கல்பட்டுக்குக் குத்திகீறாங்க." சின்னவர் வடையைத் தட்டில் எறிந்தார். "எங்க பொண்ணுங்கள இன்னா சொல்லிக் கலைச்ச நீ?" என்று எங்கள் முதலாளி மேல் பாய்ந்தார். "நீதான்டா எங்க ஆளுங்களக் கலைச்ச!" என்று இவர் கத்தினார். அன்றைக்கு அறுந்த உறவு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒட்டியது. எந்தப் பெண்களையும் நம்பமுடியாது என்று இரண்டு பேரும் முடிவு செய்து, ஒரு பெரிய கம்பெனியோடு சேர்ந்துகொண்டார்கள். பெட்டி நம்முடையது, பதில் அவர்களுடையது, விளம்பரத்தில் பங்கு. எங்கள் வேலையும் போனது, ஸ்டெல்லாவின் வேலையும் போனது.

ஆனால் அன்று திரும்பும்போது அது தெரியாது. ஸ்டெல்லாவும் நானும் முதல் தடவையாக ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வந்தோம். 

"நல்லாக் கீறதெல்லாம் உன்னுதுன்னு நெனச்சிகினு வுட்டுட்டேன்டி," என்றாள் ஸ்டெல்லா திடீரென்று.

"நானுந்தான். அந்த முட்டுக்காடு படகு இருக்குதே, அது ஒண்ணுலயே செத்துட்டேன். எப்படிடி போட்ட?"

"நானா? எங்க சாரு முட்டுக்காட்டுக்கு ரிசார்ட்ட வுட்டு வேற எத்தயும் மேல வைக்க வுடமாட்டாரே." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது உங்களுதுடி. உங்க ஆபீஸ்ல முட்டுக்காடு யாரு பாத்தா?"

எங்கள் ஆபீசில் முட்டுக்காடு முழுக்க நான்தான் பார்த்தேன். பஸ் வளைவில் திரும்பியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெரிய பதவியில் இருக்கிறாள். என்னைவிட அதிகச் சம்பளம். எரிகிறதுதான், ஆனால் ஒரு காபி குடித்தால் அடங்கிவிடும். உரக்கடையை இடித்துவிட்டு அங்கே நகைக்கடை கட்டிவிட்டார்கள். சகலைகளின் பெட்டிகளும் மூடிப்போயின. மெஷின்களை எடைக்குப் போட்டபோது எங்கள் வரிசைகளும் அதோடு போய்விட்டன. அந்த முட்டுக்காடு வரிசையை வேற்று ஆளாக நான் பார்த்தது அந்த ஒரு மத்தியானம்தான், பார்த்ததும் அதற்கு எதிராகக் குத்தினேன். அதைப் போட்டவள் மேல் எனக்கு இருக்கிற பொறாமை மட்டும் இன்னும் அடங்கவில்லை. எந்த நாளில், யாரை நினைத்து அப்படிப் போட்டாள் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை.