பட்டியலில் இல்லாத என் பெயர்

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையின் ஆயுத பூஜை இனிப்புக்குப் பட்டியல் எடுத்தது நான்தான். கம்பெனி பஸ் வாரியாகப் பெட்டிகளை அடுக்க வேண்டும். அதனால் ஊழியர் அட்டவணையையும் கம்பெனி பஸ்ஸில் வருபவர்களின் அட்டவணையையும் கம்ப்யூட்டரில் 'இன்னர் ஜாயின்' என்ற கட்டளையால் சேர்த்து, வந்த பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

தளியிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்கு வரும் நாகம்மா அக்கா என் மேசைக்கு வந்தார்.

"டவுன் பஸ்ல வர்றவங்களுக்கு ஸ்வீட் இல்லீங்களா சார்?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுக்கா," என்றேன் விறைப்பாக.

"அப்போ உங்க பேரு எங்க இருக்குதுன்னு காட்டுங்க."

தேடினேன். ஸ்கூட்டரில் வரும் என் பெயரும் இல்லை. இரண்டு அட்டவணையிலும் இருப்பவர்களை மட்டுமே அந்த ஜாயின் எடுத்திருந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் ஷிப்டே திரும்பிப் பார்த்தது, நானும் சிரித்துவிட்டேன்.

ஊழியர் எல்லோரையும் எடுக்கும் 'லெஃப்ட் ஜாயினுக்கு' மாற்றியதும் கம்பெனி பஸ்ஸில் வராதவர்களும் பட்டியலுக்கு வந்துவிட்டார்கள். பூஜையன்று அக்கா தன் பெட்டியைப் பிரித்து, முதல் மைசூர்பாகை எனக்குத்தான் நீட்டினார்.

இப்போது எந்தப் பட்டியல் எடுத்தாலும் நாகம்மா அக்காவின் பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். அது இருந்தால் என் பெயரும் இருக்கும்.