இடது கைக்கு ஒரு வால்வு

பக்கத்து அறையில் பித்தளை அலறியது. ஓர் அடி, மூச்சு வாங்கும் இடைவெளி, மறுபடியும் ஓர் அடி.

கூடத்து நாற்காலிகளில் விற்கக் கொண்டுவந்த டியூபா என்னும் பெரிய பித்தளைக் குழல்கள் இரண்டையும் கைக்குழந்தைகளைப் போல உட்கார வைத்துக்கொண்டிருந்த வாத்தியக் கடைக்காரர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். என்ன சத்தம் என்று கேட்டார்.

"என் பழைய டியூபா சார். எங்க அண்ணன் சுத்தியலால அடிக்கிறார்," என்றாள் அவள். "நீங்க சொல்லுங்க. இந்த ரெண்டுல எது எனக்கு ஒத்து வரும்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பழகிப் போயிருந்தது.

அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்துகொண்டு, அப்பா விட்டுப்போன கறிக்கடையில் இருபது வருஷமாக எலும்பு வெட்டுகிறவள் அவள். வயது நாற்பத்து நான்கு. தொடை எலும்பை ஒரே வெட்டில் பிளப்பாள். சாயங்காலமானால் ரத்தக் கறை போகக் கை கழுவிக்கொண்டு, நகரத்துப் பேண்டு வாத்தியக் குழுவில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து டியூபா ஊதுவாள். பேண்டில் அவளுக்குப் பீரங்கி என்று பெயர். அண்ணனுக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பா. அடிக்கும்போதுகூட பாப்பா என்று கூப்பிட்டுத்தான் அடிப்பார்.

அந்த அண்ணன் ஒரு காலத்தில் அதே பேண்டில் முதல் டிரம்பெட். அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, டியூபாவை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தவளைத் தெருமுனையில் மூன்று பேர் மறித்துக் கேட்கக் கூசும் வார்த்தை சொன்னார்கள். பின்னால் வந்த அண்ணன் பாய்ந்தார். ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது, இன்னொருவன் சாக்கடையில் கிடந்தான். மூன்றாமவன் கையில் கல் இருந்தது. அண்ணனின் முன்பற்கள் இரண்டும் அவள் காலடியில் வந்து விழுந்தன. அவள் அவற்றைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை அழுதுகொண்டே போனாள்.

டிரம்பெட் பல்லை நம்பி நிற்கிற வாத்தியம். கட்டுப்பல் வைத்துப் பார்த்தார், ஊதினால் ஆடியது. அதன்பிறகு அவர் ஊதவில்லை, குடிக்க ஆரம்பித்தார். மனைவி அவரை விட்டுப் போய்விட்டாள். ஒருநாள் பழுப்புப் பெட்டியோடு தங்கையின் வாசலில் வந்து நின்று, ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் பாப்பா என்றார். பதினோரு வருஷம் ஆகிறது.

அவர் வந்தபின் அவள் முதன்முதலாக அவர் காதுபட வாசித்த அன்றே அடி விழுந்தது. எனக்கு வாய் போச்சு, உனக்கு மட்டும் வாய் எதற்கு என்று கேட்டு அறைந்தார்.  அந்த இரண்டு பல்லுக்கு ஈடாக வாங்கிக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். கன்னம் போய் காது, காது போய் விலா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டியூபாப் பெட்டியின் மூடியை அவளுடைய வலது கைமேல் ஓங்கிச் சாத்தினார். சுண்டுவிரல் முறிந்து கோணலாக ஒட்டிக்கொண்டது. கடையில் கேட்டவர்களிடம் கட்டையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள்.

இப்போது பேண்டில் நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருந்தது. வரும் சனிக்கிழமை தேர்வு. பேண்டு மாஸ்டர் கொடுத்திருந்த பாட்டில், அடிமட்டத்தில் ஒரு ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கை அசையாமல் பிடிக்க வேண்டும். ஸ்வரம் மாற்ற விரலால் அழுத்துகிற வால்வு மூன்று மட்டுமே வைத்த பழைய டியூபாவில் அந்த ஸ்வரமே கிடையாது. நான்காவது வால்வு வேண்டும். இந்த வயதில் விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது. அதனால்தான் கடை விடுமுறை நாளில் வாத்தியக் கடைக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். வாசலில் வண்டி வந்து நின்றதைப் பார்த்ததும் அண்ணன் சுத்தியலை எடுத்தார்.

கடைக்காரர் எச்சில் விழுங்கிவிட்டு ஆரம்பித்தார். முதல் டியூபாவில் நான்கு வால்வும் ஒரே வரிசை. நான்கும் வலது கைக்கு, நான்காவது சுண்டுவிரலுக்கு. சுழலும் வால்வு என்பதால் லேசாகத் தொட்டால் போதும். இடது கை சும்மா இருக்கும். இரண்டாவது டியூபா, மேலிருந்து கீழே அழுத்துகிற பிஸ்டன் வால்வு வைத்தது. மூன்று வலது கைக்கு, நான்காவது பக்கவாட்டில் தனியாக, இடது கைக்கு. கீழ் ஸ்வரங்கள் சுத்தமாக நிற்கும், ஆனால் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும்.

"எடையில வித்தியாசம் பார்க்காதீங்கம்மா," என்றார். "ரெண்டும் முதுகை உடைக்கும்."

அவள் சிரித்தாள். சிரித்தபோது அறைக்குள் பித்தளை கிழிந்தது.

முதல் டியூபாவை மடியில் ஏற்றிக்கொண்டாள். மற்ற விரல்கள் ஓடின. சுண்டுவிரல் மட்டும் நெம்புகோலின்மேல் படுத்துக்கிடந்தது. அழுத்தினால் தோள்வரை வலி வெட்டியது. நான்காவது வால்வு பாதியில் நின்று ஸ்வரம் அடைத்துக்கொண்டது. மூன்று முறை பார்த்துவிட்டு இறக்கி வைத்தாள்.

இரண்டாவதை எடுத்தாள். வலது கையில் முதல் வால்வு, இடது கையில் நான்காவது. ஊதினாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்து ஜன்னல் கண்ணாடியைப் பிடித்து உலுக்கியது. கடைக்காரரின் முகம் மலர்ந்தது. மூன்று எண்ணுவதற்குள் பக்கத்து அறையில் சுத்தியல் விழுந்தது. ஸ்வரம் அறுந்தது.

மறுபடி ஊதினாள். சுத்தியல் விழுந்தது, ஸ்வரம் அறுந்தது. நான்காம் முறை கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இடது கையை எதுக்கும்மா தூக்குறீங்க? நாலாவது வால்வு எழுந்துருதே."

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். அது வால்வில் இல்லை. முழங்கை மடங்கி, உள்ளங்கை விரிந்து, அவளுடைய காதை மூடிக்கொண்டு நின்றது. அவளைக் கேட்காமல் அதுவாகப் போயிருந்தது. பதினோரு வருஷமாக அதற்கு அது ஒன்றுதான் வேலை.

 முதல் டியூபாவை வாங்கினால் இடது கை காவலுக்குக் கிடைக்கும். அண்ணன் உடைத்த விரல் அந்த ஸ்வரத்தைத் தராது. இரண்டாவதை வாங்கினால் ஸ்வரம் உண்டு, காவல் இல்லை. இத்தனை நாள் அவள் வாசித்ததெல்லாம் ஒற்றைக் கை வாசிப்பு.

அறைக்கதவு திறந்தது. அண்ணன் சுத்தியலோடு வந்தார். கட்டுப்பல்லைக் கழற்றியிருந்தார், வாய் குகையாக இருந்தது.

"உள்ள ஒண்ணு முடிஞ்சுது பாப்பா. இதையும் கொண்டா."

கடைக்காரர் குறுக்கே வந்தார். அண்ணன் அவரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினார். மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அவள் எழவில்லை. இடது விரலை நான்காவது வால்வின்மேல் வைத்தாள்.

"எண்ணுங்க சார்," என்றாள். ஊதினாள்.

கடைக்காரர் சுவரில் சாய்ந்தபடியே எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்றில் முதல் அறை விழுந்தது. ஊதுவாய் உதட்டைக் கிழித்தது. ரத்தம் மோவாயில் வழிந்து புதுப் பித்தளையில் சொட்டியது. இடது கை துடித்தது, ஆனால் எழவில்லை. ஐந்தில் காதின்மேல் இன்னோர் அறை விழுந்தது. ஆறு என்னும்போது கடைக்காரர் அழுதுகொண்டிருந்தார். ஏழு. சுத்தியல் உயர்ந்தது. எட்டு.

அவள் டியூபாவைப் பதற்றமில்லாமல் தரையில் வைத்தாள். எழுந்து, சுத்தியலோடு இறங்கி வந்த அண்ணனின் மணிக்கட்டைக் காற்றிலேயே பிடித்தாள். இருபது வருஷம் எலும்பு பிளந்த கை அது. அவள் இறுக்கினாள். உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் மூவருக்கும் கேட்டது. சுத்தியல் விழுந்தது. அண்ணன் மண்டியிட்டார்.

"உனக்காகப் பல்லை விட்டவன்டி நான்."

"தெரியும்ணா. பொறுக்கினதே நான்தான்." அவள் வாயிலிருந்து ரத்தம் தெறித்தது. "அந்த ரெண்டு பல்லுக்கு இன்னும் எத்தனை எலும்பு குடுக்கணும்? சொல்லுங்க, இப்பவே குடுத்துடறேன்."

 அவள் பிடியை விட்டாள். உள்ளே போய், நசுங்கிக்கிடந்த பழைய டியூபாவைத் தாண்டி, கட்டிலுக்கு அடியிலிருந்த பழுப்புப் பெட்டியை இழுத்து அவருடைய துணிகளைத் திணித்தாள். டம்ளரில் கிடந்த கட்டுப்பல்லை எடுத்துத் துடைத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி மேலாக வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பெட்டியை வாசலில் வைத்தாள். அண்ணன் உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையால் அதை எடுத்தார். படியில் நின்று திரும்பினார்.

"ரெண்டு வாரம்னுதான் வந்தேன் பாப்பா."

"பாத்துப் போங்கண்ணா. கைக்கு முதல்ல கட்டுப் போட்டுக்குங்க."

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, இடது கையால் தாழ்ப்பாள் போட்டாள்.